விலையும் மதிப்பும்
புகாட்டி றோயல் மோட்டார் வண்டிகளின் வரலாறு

செல்வத்தைத் தேடுவது ஓர் ஆற்றல். தேடிய செல்வத்தைப் பிறர் காணும்படி செய்ய விரும்புவது மனித இயல்பு. பண்டைக் காலத்தில் இவ்விருப்பம் யானையாகவும் தேராகவும் பல்லக்காகவும் வடிவெடுத்தது. இருபதாம் நூற்றாண்டிலே அது மோட்டார் வண்டியாக வடிவெடுத்தது. ஆயினும், பழைய செல்வங்களுக்கும் இப்புதிய செல்வத்துக்குமிடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பொன்னை உருக்கினாலும் அது பொன்னாகவே இருக்கும். நிலம் கைமாறினாலும் நிலமாகவே கிடக்கும். மோட்டார் வண்டியோ, உரிமையாளரிடம் வந்து சேர்ந்த நாள் முதலே தேயத் தொடங்குகின்றது. ஓடினால் அதன் உறுப்புக்கள் தேயும்; ஓடாது நிறுத்திவைத்தால் துருப்பிடிக்கும். எண்ணெயும் பெற்றோலும் கேட்கும். கைதேர்ந்த தொழிலாளரின் உழைப்பைக் கேட்கும். நிற்பதற்கு இடங்கூடக் கேட்கும்.

அங்ஙனமாயின், பெரும்பொருள் கொடுத்து ஆடம்பர வண்டியொன்றை உடைமையாக்கிக்கொள்வது அறிவுடைமையா, வீண் பெருமையா? இவ்வினா மோட்டார் வண்டி தோன்றிய காலந்தொட்டே கேட்கப்பட்டு வருகின்றது. ஒவ்வொரு தலைமுறையும் அதற்கு வெவ்வேறு விடை கூறியுள்ளது. அவ்விடைகள் பலவற்றையும் ஒரே வரலாற்றிற் காண விரும்புவோர், பிரான்சு தேசத்திலே உருவாகிய ஆறு வண்டிகளின் கதையை நோக்குதல் தகும். ‘புகாட்டி றோயல்’ என்பது அவ்வண்டிகளின் பெயர்.

எத்தோரே புகாட்டி 1881 ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரிற் பிறந்தவர். அவருடைய தந்தையார் கார்லோ புகாட்டி அரிய வேலைப்பாடமைந்த மரத் தளபாடங்களை வடிவமைத்துப் புகழ் பெற்றவர். தம்பியார் றெம்பிராண்ட் புகாட்டி விலங்குகளின் உருவங்களை வெண்கலத்தில் வார்த்த சிற்பி. கலை குடிகொண்ட இக்குடும்பத்திற் பிறந்த எத்தோரே, இரும்பையே தமது கலைப்பொருளாகத் தெரிந்தெடுத்தார். 1909 ஆம் ஆண்டில், அந்நாளில் ஜேர்மனியின் ஆட்சிக்குட்பட்டிருந்த அல்சேஸ் மாகாணத்து மொல்சைம் என்னுஞ் சிற்றூரில் தமது தொழிற்சாலையை நிறுவினார். முதலாம் உலகப் போரின் முடிவில் அம்மாகாணம் மீண்டும் பிரான்சுடன் சேர்ந்தது. 1920களில் புகாட்டியின் பந்தய வண்டிகள் ஐரோப்பாவின் ஓட்டப் பந்தயங்களிலே வெற்றிமேல் வெற்றி ஈட்டின. அவ்வண்டிகள் சிறியவை, இலேசானவை, விரைவு மிக்கவை.

ஆனால் எத்தோரேயின் உள்ளத்திலே வேறொரு கனவும் வளர்ந்துகொண்டிருந்தது. அரசர்களும் அரசர்க்கு நிகரான செல்வர்களும் ஏறிச் செல்லத்தக்கதாய், உலகத்து வண்டிகள் அனைத்திலும் பெரியதாய், எவ்விதக் குறையுமற்றதாய் ஒரு வண்டி செய்ய வேண்டும் என்பதே அக்கனவு. 1920களின் பிற்பகுதியில் அது நனவாகத் தொடங்கியது. தொழிற்சாலைக் கணக்கில் ‘41 ஆம் வகை’ எனக் குறிக்கப்பட்ட அவ்வண்டிக்கு, அரசர்க்குரியது எனப் பொருள்படும் ‘றோயல்’ என்னும் பெயர் வழங்கலாயிற்று.

அவ்வண்டியின் அளவுகள் இன்றும் வியப்பூட்டுவன. அதன் நீளம் ஏறக்குறைய 6.4 மீற்றர். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடைப்பட்ட தூரமே 4.3 மீற்றர். அவற்றுள் ஒன்றன் நிறை 7,035 இறாத்தல் எனக் குறிக்கப்பட்டுள்ளது. அஃதாவது மூன்று தொன்னுக்கும் மேற்பட்டது. எட்டுச் சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நின்ற அதன் என்ஜினின் கொள்ளளவு 12.7 லீற்றர். சாதாரண குடும்ப வண்டிகள் பத்தினது என்ஜின்களை ஒன்றுசேர்த்தாற்போன்ற அளவு அது. முன்புறத்தில், றேடியேற்றர் மூடியின் உச்சியிலே, பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் யானையின் சிறு உருவமொன்று அமைந்திருந்தது. 1916 ஆம் ஆண்டிலே இளமையில் மறைந்துவிட்ட தம்பி றெம்பிராண்ட் வடித்த உருவம் அது. தம்பியின் நினைவைத் தமையன் தம் படைப்புக்களிற் சிறந்ததன் நெற்றியிலே பொறித்து வைத்தார் என்று கொள்ளலாம்.

விலையும் அளவுக்கு ஏற்றதாகவே இருந்தது. மேற்கூடு இன்றி, என்ஜினும் சில்லுகளும் பொருந்திய அடிச்சட்டம் மாத்திரமே 30,000 அமெரிக்க டொலர். அதற்கு மேற்கூடு அமைக்கும் செலவு வேறு. அக்காலத்தில் அமெரிக்காவிலே புதிய போர்ட் வண்டியொன்றைச் சுமார் 500 டொலருக்கு வாங்க முடிந்தது என்பதை நினைவு கூர்ந்தால், இவ்விலையின் உயரம் புலப்படும். ஒரு றோயலின் அடிச்சட்டத்துக்குக் கொடுக்கும் பணத்தைக் கொண்டு அறுபது குடும்பங்களுக்கு வண்டி வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

எத்தோரேயின் கருத்துப்படி, சிறந்த பொருளுக்கு விலை ஒரு பொருட்டன்று. அதனைச் செய்பவன் தன் முழுத் திறமையையும் அதிற் செலுத்த வேண்டும். அதனை வாங்குபவன் அதற்குத் தகுதியுடையவனாக இருக்க வேண்டும். அல்பேனிய மன்னர் சோக் ஒரு றோயல் வண்டியை விரும்பியபோது, உணவு மேசையில் அவர் நடந்துகொண்ட முறை எத்தோரேக்குப் பிடிக்கவில்லையாதலால் வண்டி இல்லை என்று மறுத்துவிட்டார் என ஒரு கதை வழங்குகின்றது. கதை மெய்யோ பொய்யோ, அது நிலைபெற்று வழங்குவதே அம்மனிதரின் பெருமித உணர்வுக்குச் சான்றாகும்.

இருபத்தைந்து வண்டிகள் செய்வது அவரது திட்டம். ஆனால் காலம் அவருக்குத் துணை நிற்கவில்லை. 1929 ஆம் ஆண்டின் இறுதியில் நியூயோர்க் பங்குச் சந்தை வீழ்ந்தது. அதனைத் தொடர்ந்து வந்த பொருளாதார மந்தம் உலகத்துச் செல்வர்களின் கைகளைக் கட்டிவிட்டது. எந்த அரசர்களை எண்ணி வண்டி செய்யப்பட்டதோ, அவ்வரசர்களின் அரியணைகளே ஆடத் தொடங்கின. றோயலில் நாட்டங் கொண்டவர் எனக் கூறப்படும் ஸ்பானிய மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோ 1931 இல் நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. முடிவில், அரசர்க்கெனப் பெயரிடப்பட்ட வண்டியை ஓர் அரசராவது வாங்கவில்லை. நிலைத்து நின்றவை ஆறு வண்டிகள். அவற்றுள் அக்காலத்தில் வெளியாருக்கு விற்பனையானவை மூன்று மாத்திரமே.

அம்மூவரும் அரசரல்லர், தம் தொழிலாலோ குடும்பச் செல்வத்தாலோ உயர்ந்தவர்கள். முதல்வர் ஆர்மன் எஸ்டர்ஸ், பிரான்சில் ஆடை வணிகத்தாற் பெருஞ் செல்வரானவர். இரண்டாமவர் யோசப் ஃபுக்ஸ், ஜேர்மனியைச் சேர்ந்த மருத்துவர். மூன்றாமவர் கத்பேட் பொஸ்டர் என்னும் ஆங்கிலேயர். ஒரே வகை வண்டியை வாங்கிய இம்மூவரும் அதனை ஒரே நோக்குடன் வாங்கவில்லை. பொஸ்டர் தம் வண்டிக்கு இலண்டனிலே ‘பார்க் வார்ட்’ நிறுவனத்தாரைக் கொண்டு, அடக்கமும் கண்ணியமும் பொருந்திய மூடிய மேற்கூடு அமைப்பித்தார். எஸ்டர்ஸ் விரும்பியதோ இருவர் அமர்ந்து செல்லும் திறந்த வண்டி. அதற்கு எத்தோரேயின் மூத்த மகன் ழான் புகாட்டி வடிவம் கொடுத்தார். எஸ்டர்ஸ் இரவிலே வண்டி செலுத்துவதில்லையாதலால், முன் விளக்குகளே வேண்டா என்று கூறிவிட்டார். இத்துணைப் பெரிய வண்டி முன் விளக்கில்லாமலே அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒருவருக்கு வண்டி கண்ணியத்தின் சின்னம். மற்றவருக்கு அது பகற்பொழுதின் இன்பம்.

வண்டியை வாங்குவது ஒருமுறைச் செலவு. அதனைப் பேணுவது தொடர்ந்து வருஞ் செலவு. எத்தோரேயின் என்ஜின்கள் பார்வைக்குச் சிற்பம் போன்றவை. ஆனால் அவ்வழகிற்கு உரிமையாளன் தனியாக விலை கொடுக்க வேண்டியிருந்தது. பிற வண்டிகளில் என்ஜினின் தலைப்பகுதியைத் தனியே கழற்றி வால்வுகளைச் செப்பஞ் செய்யலாம். றோயலில் தலைப்பகுதியும் சிலிண்டர்ப் பகுதியும் ஒரே வார்ப்பாக அமைந்தவை. ஆதலால் வால்வுகளைத் தேய்த்துச் சீராக்க வேண்டுமாயின், என்ஜினைப் பெரும்பாலும் பிரித்தெடுத்தல் அவசியமாயிற்று. ஒவ்வொரு சிலிண்டருக்கும் மூன்று வால்வுகளாக மொத்தம் இருபத்துநான்கு வால்வுகள். அவற்றைத் தொடத் தகுந்த கைகள் உலகிலே மிகச் சிலவே. செல்வன் ஒருவன் பணத்தால் வண்டியை வாங்கலாம். அதனை அறிந்த தொழிலாளி அருகில் இல்லையாயின், அவ்வண்டி அவனுக்குச் சொந்தமாக இருந்தும் பயன்படாது.

விற்பனையாகாத வண்டிகளுக்கென மொல்சைமிலே செய்யப்பட்ட என்ஜின்கள் என்னவாயின? இங்குதான் இக்கதையின் எதிர்பாராத திருப்பம் நிகழ்கின்றது. எத்தோரே அவ்வென்ஜின்களைப் புகையிரதப் பாதையிலே ஓடும் பெற்றோல் வண்டிகளுக்குப் பொருத்தினார். 1933 ஆம் ஆண்டு முதல் அவை பிரான்சின் இருப்புப் பாதைகளில் ஓடத் தொடங்கின. பெரிய வண்டிகளில் நான்கு என்ஜின்கள் பொருத்தப்பட்டன. அவற்றுள் ஒன்று மணிக்கு 196 கிலோமீற்றர் வேகத்தை எட்டிப் புகழ் பெற்றது. அரசர் ஒருவரைச் சுமப்பதற்கென அமைந்த என்ஜின், பயணச் சீட்டு வாங்கிய பொதுமக்களைச் சுமந்து சென்றது. அரசர்க்கான வண்டி தொழிற்சாலைக்கு நட்டத்தையே தந்தது. மக்களுக்கான வண்டி அந்நட்டத்தை ஈடுசெய்ய உதவியது.

இவ்வண்டிகளின் வாழ்விற் பெருஞ் சோதனைக் காலம் அதன் பின்னரே வந்தது. 1936 இல் பிரான்செங்கும் நிகழ்ந்த வேலைநிறுத்தங்கள் மொல்சைமையும் எட்டின. தம் தொழிலாளரைக் குடும்பத்தவர் போற் கருதியிருந்த எத்தோரே மனமுடைந்து பாரிசுக்குச் சென்று தங்கினார். 1939 ஆகஸ்ட் மாதத்தில், மகன் ழான் மொல்சைமுக்கு அருகே பந்தய வண்டியொன்றைச் சோதித்துச் செலுத்துகையில் விபத்திலே உயிரிழந்தார். அடுத்த மாதமே இரண்டாம் உலகப் போர் மூண்டது. புகாட்டி குடும்பத்தாரிடம் எஞ்சியிருந்த மூன்று றோயல் வண்டிகளும் ஜேர்மன் படையினரின் கையில் அகப்படாதிருக்கும் பொருட்டு, பாரிசுக்கு அண்மையிலுள்ள எர்மனொன்வில் என்னுமிடத்தில் அவர்களது இல்லத்திலே சுவரெழுப்பி மறைக்கப்பட்டன. எத்தோரே 1947 ஆகஸ்டிற் காலமானார்.

போர் முடிந்த ஐரோப்பாவிலே, றோயல் போன்ற வண்டியைக் குறித்து மக்கள் கொண்ட கருத்து யாது? பெற்றோலுக்குப் பங்கீடு, உணவுக்குப் பங்கீடு, இடிந்த நகரங்கள். அத்தகைய நாளில் மூன்று தொன் நிறையுள்ள பழைய வண்டி யாருக்கு வேண்டும்? அமெரிக்காவைச் சேர்ந்த பந்தய வீரரும் சேகரிப்பாளருமான பிரிக்ஸ் கனிங்ஹாம் 1950 ஆம் ஆண்டில் எத்தோரேயின் மகளிடமிருந்து இரண்டு றோயல் வண்டிகளை வாங்கினார். அவற்றுக்காக அவர் கொடுத்தவை ஒரு சிறு தொகையும், அந்நாளைய பிரான்சிற் பெறுதற்கரியனவாயிருந்த இரண்டு புதிய குளிர்சாதனப் பெட்டிகளும் எனக் கூறப்படுகின்றது. இச்செய்தியைக் கேட்டு இன்று நகைப்போர் உளர். ஆனால் அன்றைய குடும்பமொன்றின் நிலையிலிருந்து நோக்கின், அம்மாற்றம் அறிவீனமன்று. ஓடாத வண்டியினும் பாலும் இறைச்சியும் கெடாது காக்கும் பெட்டி மேலானதாகத் தோன்றியதிற் குற்றமில்லை. ஒரு பொருளின் மதிப்பு அப்பொருளில் மாத்திரம் தங்கியிருப்பதன்று. அதனை நோக்குபவரின் தேவையிலும் தங்கியிருப்பது.

இவ்வுண்மையை இன்னுந் தெளிவாகக் காட்டுவது மருத்துவர் ஃபுக்ஸ் வாங்கிய வண்டியின் கதை. மியூனிக் நகரத்து வைன்பேகர் நிறுவனத்தார் மேற்கூடு அமைத்த அவ்வண்டிக்கு அவர் கொடுத்த விலை 43,000 டொலர். நாசிகளின் ஆட்சி ஜேர்மனியில் ஏற்பட்டதும் அவர் தாயகத்தை விட்டு வெளியேறினார். சுவிற்சலாந்து, சீனாவின் சங்காய் நகரம் என அலைந்து, இறுதியில் நியூயோர்க்கை அடைந்தார். வண்டியும் அவரைத் தொடர்ந்து கடல்களைக் கடந்தது. ஆனால் நியூயோர்க்கின் குளிர்காலத்தை அது கடக்கவில்லை. என்ஜினுள் இருந்த நீர் உறைந்து பனிக்கட்டியாயிற்று. நீர் உறையும்போது விரிவடையும் என்பது இயற்கை விதி. அவ்விரிவுக்கு ஈடுகொடுக்க இயலாது என்ஜினின் வார்ப்பு வெடித்தது. குளிர்காலம் வருமுன் நீரை வடித்துவிடும் சிறு வேலையொன்று தவறியதால், 43,000 டொலர் வண்டி அசைவற்று நின்றது. முடிவில் அது பிறொங்ஸ் பகுதியிலுள்ள பழைய இரும்புக் களஞ்சியமொன்றைச் சென்றடைந்தது.

அங்கே அதனை மீட்டவர் சார்ல்ஸ் செய்ன். அவர் பியூக் வண்டிப் பிரிவின் தலைமைப் பொறியியலாளர். பின்னாளில் ஜெனரல் மோட்டேர்ஸ் நிறுவனத்தின் உப தலைவர்களுள் ஒருவராக உயர்ந்தவர். 1940களில் அவ்வண்டிக்கு அவர் கொடுத்த விலை 400 டொலர். தொடக்க விலையில் நூற்றிலொரு பங்கினுங் குறைந்த தொகை அது. பழைய இரும்பு வணிகனின் கண்ணுக்கு அது நிறுத்து விற்கத்தக்க உலோகம். மருத்துவருக்கு அது இழந்த வாழ்வின் எச்சம். பொறியியலாளரின் கண்ணுக்கோ அது உயிர் கொடுத்து எழுப்பத்தக்க ஓர் அற்புதம். பொருள் ஒன்றே, கண்கள் மூன்று.

செய்ன் அவ்வண்டியை மீண்டும் ஓடச் செய்தார். வாங்கிய விலையைப் போலப் பன்மடங்கு பணமும், அதனினும் மேலாகத் தம் அறிவையும் ஓய்வு நேரத்தையும் அதிற் செலவிட்டார். வெடித்த வார்ப்பு செப்பனிடப்பட்டது. ஒரே காபரேற்றருக்குப் பதிலாக நான்கு காபரேற்றர்கள் பொருத்தப்பட்டன. கருநிறமாயிருந்த வண்டி சிப்பியின் வெண்ணிறம் பூண்டது. பல ஆண்டுகள் அதனைத் தம்மிடம் வைத்திருந்தபின், 1950களின் பிற்பகுதியில் அவரும் அவருடைய மனைவியாரும் அதனை மிச்சிகன் மாநிலத்து டியர்போன் நகரிலுள்ள ஹென்றி போர்ட் நூதனசாலைக்கு நன்கொடையாக வழங்கினர். அங்கே இன்றும் அது பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. சாதாரண மக்களுக்கெனக் கோடிக்கணக்கில் மலிவான வண்டிகளைச் செய்தவரின் பெயர் தாங்கிய நூதனசாலையிலே, அரசர்க்கென ஆறே ஆறாகச் செய்யப்பட்ட வண்டியொன்று இடம் பெற்றிருப்பது கருதத்தக்கது.

செய்ன் செய்த மாற்றங்கள் சரியானவையா என்னும் விவாதம் பின்னர் எழுந்தது. பேணுதலைப் பற்றி இருவேறு கருத்துக்கள் உண்டு. வண்டி என்பது ஓடுவதற்கே; ஓடச் செய்வதற்கு வேண்டிய மாற்றங்களைச் செய்வதிற் பிழையில்லை என்பர் ஒரு சாரார். பழமையின் ஒவ்வொரு தழும்பும் வரலாற்றுச் சான்று. புதிய வண்ணம் பூசுவது பழைய ஏட்டின் எழுத்தை அழித்து மீண்டும் எழுதுவதை ஒக்கும் என்பர் மறு சாரார். எஸ்டர்ஸ் வாங்கிய வண்டிக்கு நேர்ந்தது இரண்டாஞ் சாராரின் கவலைக்குத் தக்க சான்று. ழான் வடிவமைத்த அதன் அழகிய மேற்கூடு 1930களின் பிற்பகுதியிலேயே அகற்றப்பட்டு, பின்டர் நிறுவனத்தாரின் வேறொரு மேற்கூடு பொருத்தப்பட்டது. முதற் கூட்டைப் பின்னாளில் நிழற்படங்களிலேயே காண முடிந்தது. பழைய வண்டிகளுக்கான சர்வதேசச் சம்மேளனம் 2012 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட சாசனம் இவ்விரு கருத்துக்களுக்கும் இடம் அளிக்க முயன்றது. வண்டிகளைப் பாதையிலே பயன்படுத்துவதும் அவற்றைப் பேணுவதன் ஒரு கூறே என்பதையும், புதுப்பிப்பதைவிட உள்ளதை உள்ளபடி காப்பதே முதன்மையானது என்பதையும் அது வலியுறுத்துகின்றது.

போருக்குப் பின் இரு தசாப்தங்கள் கழிவதற்குள் உலகத்தின் கருத்து மாறத் தொடங்கியது. இங்கிலாந்தில் 1929 ஆம் ஆண்டிலேயே தோன்றிய புகாட்டி உரிமையாளர் கழகம் போன்ற அமைப்புக்கள் இம்மாற்றத்துக்கு வழி கோலின. எந்த உறுப்பு எங்கே கிடைக்கும், எந்தப் பழுதுக்கு எது மருந்து என்னும் அறிவை அவ்வமைப்புக்களின் உறுப்பினர் ஒருவரோடொருவர் பகிர்ந்துகொண்டனர். அறிவு பரவியதும் அச்சம் நீங்கியது. அச்சம் நீங்கியதும் விருப்பம் பெருகியது. விருப்பம் பெருகியதும் விலை ஏறியது. அவ்வேற்றத்தோடு புதியதொரு வினாவும் எழுந்தது. அவ்வினாவை முன்வைத்தவர்கள் செல்வரல்லர். அல்சேஸ் மாகாணத்து நெசவாலைத் தொழிலாளர்.

மொல்சைமுக்குத் தெற்கே முலூஸ் என்னும் தொழில் நகரம் உள்ளது. அங்கே ஹான்ஸ், ஃபிரிட்ஸ் என்னும் ஷ்லும்ப் சகோதரர் நெசவாலைகள் பலவற்றுக்கு உரிமையாளராயிருந்தனர். இளையவரான ஃபிரிட்ஸ் புகாட்டி வண்டிகளின்மீது தணியாத வேட்கை கொண்டவர். 1960களில் அவர் உலகின் பல பாகங்களிலுமிருந்து வண்டிகளை வாங்கிக் குவித்தார். 1963 இல் மொல்சைம் தொழிற்சாலையிலே எஞ்சியிருந்தவற்றையும், 1964 இல் அமெரிக்கச் சேகரிப்பாளர் ஒருவரிடமிருந்து முப்பது புகாட்டிகளையும் பெற்றார். இவ்விரு தொகுதிகளிலும் ஒவ்வொரு றோயல் வண்டி இருந்தது. முலூஸ் நகரின் பழைய நூற்பாலையொன்று யாருமறியா வண்ணம் மாளிகையாக மாற்றப்பட்டது. பாரிசு நகரத்துப் பாலத்தின் விளக்குக் கம்பங்களைப் போன்ற கம்பங்கள் நூற்றுக்கணக்கில் அங்கே நாட்டப்பட்டன. அவ்வொளியிலே நானூறுக்கு மேற்பட்ட வண்டிகள் வரிசை வரிசையாக நின்றன. கைதேர்ந்த தொழிலாளர் அவற்றைப் பழுது பார்த்துப் பளபளக்கச் செய்தனர். ஆயினும், கண்டு மகிழ வெளியார் எவரும் அழைக்கப்படவில்லை.

1970களில் ஐரோப்பிய நெசவுத் தொழில் நலிவுற்றது. ஷ்லும்ப் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1976 இல் வேலைநிறுத்தம் மூண்டபோது சகோதரர் இருவரும் எல்லையைக் கடந்து சுவிற்சலாந்தின் பாசல் நகரிற் குடியேறினர். 1977 மார்ச் மாதத்திலே, வேலையிழந்த தொழிலாளர் அம்மாளிகையின் கதவைத் திறந்து உட்புகுந்தனர். தங்களுக்கு ஊதியம் கொடுக்க வழியில்லை என்று கூறிய ஆலையின் பணம் எங்கே போயிற்று என்பதை அவர்கள் அன்று தம் கண்ணாற் கண்டனர். விளக்கொளியில் மின்னிய ஒவ்வொரு வண்டியும் அவர்களுக்கு ஒரு கணக்கேடாகத் தோன்றியிருக்க வேண்டும்.

அவர்கள் அவ்வண்டிகளை உடைத்து நொறுக்கியிருக்கலாம், பங்கிட்டு விற்றிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவ்விடத்தைத் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டு, அதனைத் ‘தொழிலாளர் நூதனசாலை’ என அழைத்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டனர். செல்வர் பூட்டிவைத்ததைத் தொழிலாளர் ஊரறியக் காட்டினர். 1978 இல் பிரெஞ்சு அரசு அச்சேகரிப்பைத் தேசத்தின் வரலாற்றுச் செல்வமாகப் பிரகடனஞ் செய்து, அது சிதறிப் போகாதவாறு காத்தது. 1982 இல் அது தேசிய மோட்டார் வண்டி நூதனசாலையாக முறைப்படி திறக்கப்பட்டது. ழானின் கைவண்ணமான ‘கூப்பே நெப்போலியன்’ என்னும் றோயல் வண்டியும், பொஸ்டரின் றோயல் வண்டியும் அங்கேயே உள்ளன. அதே நகரத்துப் புகையிரத நூதனசாலையில், றோயல் என்ஜின்களால் இயங்கிய இருப்புப் பாதை வண்டியொன்றும் பேணப்படுகின்றது. அரசர்க்கெனச் செய்ததும் பொதுமக்களுக்கெனச் செய்ததும் ஒரே ஊரிலே இளைப்பாறுகின்றன.

இதற்கிடையில் சந்தையும் தன் தீர்ப்பை மாற்றி எழுதியது. 1985 இல் கலிபோர்ணியாவின் பெபிள் பீச் என்னுமிடத்தில் ஆறு றோயல் வண்டிகளும் முதன்முறையாக ஒருங்கே நின்றன. அவற்றைச் செய்த எத்தோரே தாமும் அவ்வாறு ஆறையும் ஒருசேரக் கண்டதில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1987 நவம்பரில், கனிங்ஹாம் குளிர்சாதனப் பெட்டிகளுக்கு மாற்றாகப் பெற்ற இரு வண்டிகளுள் ஒன்று இலண்டன் மாநகரத்து றோயல் அல்பேட் மண்டபத்திலே ஏலத்துக்கு வந்தது. அது 55 இலட்சம் பவுணுக்கு விலைபோயிற்று. மோட்டார் வண்டி எதற்கும் அதுவரை ஏலத்தில் அத்தகைய விலை கிடைத்ததில்லை.

இவ்வெண்களை மாத்திரம் அடுக்கி நோக்குவோர், ஆடம்பர வண்டி வாங்குவது சிறந்த முதலீடு எனக் கருதக்கூடும். அது பிழையான பாடம். முதலில் விலை கொடுத்து வாங்கிய மூவருள் எவரும் அவ்விலையேற்றத்தாற் பயனடையவில்லை. செய்தவரோ நட்டப்பட்டார். நாற்பதினாயிரம் நானூறாகத் தேய்ந்தபோது வண்டியின் இரும்பு குறையவில்லை. நானூறு பல இலட்சமாக வளர்ந்தபோது அவ்விரும்பு கூடவுமில்லை. மாறியவை மனிதரின் கண்களே. அதுமட்டுமன்று: அவ்விரு விலைகளுக்குமிடையே யாரோ ஒருவர் சுவரெழுப்பி மறைத்திராவிடின், யாரோ ஒருவர் வெடித்த வார்ப்பைப் பொருத்தியிராவிடின், வேலையிழந்த ஆலைத் தொழிலாளர் கோபத்தை அடக்கிக் காவல் நின்றிராவிடின், ஏலத்திற் கூறுவதற்கோ நூதனசாலையிற் காட்டுவதற்கோ ஒன்றும் எஞ்சியிராது.

விலை என்பது சந்தை கூறும் சொல். அது நாளுக்கு நாள் மாறும். மதிப்பு என்பது பேணுவோரின் உழைப்பால் ஒரு பொருளிலே சேர்வது. அது மெல்ல மெல்லவே சேரும். புகாட்டி றோயல் வண்டிகள் ஆறும் இன்றும் உலகில் உள்ளன. செய்யப்பட்டு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆகின்றது. அவற்றின் நெற்றியிலே பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் அச்சிறு யானை, வாங்கியோரையும் விற்றோரையும் மறந்துவிட்டிருக்கலாம். துடைத்துத் துலக்கிய கைகளின் சுவடு மாத்திரம் அதன் மேனியில் இன்னும் ஒளிர்கின்றது.